கணவர் காணாமற்போனால் திருமணப் பந்தம் என்னவாகும்?



கார்த்திகை மாதம் பிறந்ததும், மரித்த விசுவாசிகளுக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கும்படி பெயர்களை எழுதிக் கொடுப்பது நம் பங்குகளில் வழக்கம். அப்பு, ஆச்சி, செல்லடியில் இறந்த தம்பி என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு துண்டுக் கடதாசி நிரம்பிவிடும். ஆனால் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் சில வீடுகளில் ஒரு பெயருக்கு வந்ததும் பேனை நின்றுவிடுகிறது. அது கணவருடைய பெயர். எழுதினால் அவர் இறந்துவிட்டார் என்று மனைவியே கையொப்பம் வைத்தது போலாகிவிடும். எழுதாமல் விட்டால், ஒருவேளை அவர் இறந்திருந்தால், அவருடைய ஆன்மாவுக்குச் செய்யவேண்டிய கடமையில் தவறியதாகிவிடும்.

இப்படிப்பட்ட ஒரு சகோதரி நம் எந்தப் பங்கிலும் இருக்கலாம். அவளுடைய மனதில் இன்னொரு கேள்வியும் உண்டு. அதை அவள் வெளியே சொல்வதில்லை. “நான் இன்னும் ஒருவருடைய மனைவியா, அல்லது கைம்பெண்ணா? இன்னொருவர் என்னையும் பிள்ளைகளையும் ஏற்க முன்வந்தால், அது பாவமா?” இந்தக் கேள்விக்குத் திருச்சபை தரும் விடையை இவ்வாரம் குடும்பமாக அமர்ந்து படிப்போம்.

1. மாறிவரும் உலகம்

திருமணம், மணமுறிவு, குடும்பம் என்பவை பற்றிய எண்ணங்கள் உலகெங்கும் மாறி வருவதை மறுப்பதற்கில்லை. கத்தோலிக்க நாடு என்று பெயர்பெற்ற இத்தாலி 1970 இல் மணமுறிவைச் சட்டமாக்கியது. 1974 இல் நடந்த மக்கள் வாக்கெடுப்பிலும் அச்சட்டம் நிலைத்தது. அயர்லாந்து 1995 இலும், மால்ற்றா 2011 இலும் அதே வழியில் சென்றன. அயல்நாடான இந்தியாவில் கிறிஸ்தவர்களுக்கான 1869ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டம் 2001 இல் திருத்தப்பட்டு, கணவன் மனைவி இருவரும் ஒத்துக்கொண்டு பிரியவும் வழி செய்யப்பட்டது.

நம் நாட்டின் 1907ஆம் ஆண்டு விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் மணமுறிவுக்கு மூன்று காரணங்களை வகுத்தது: திருமணத்தின் பின் பிறருடன் கொள்ளும் தகாத உறவு, தீய நோக்கத்துடன் கைவிட்டுச் செல்லல், திருமண வேளையிலேயே இருந்த தீராத ஆண்மைக் குறைவு. இவற்றுள் ஒன்றை எண்பித்தால் மாவட்ட நீதிமன்றம் மண முறிவுத் தீர்ப்பு வழங்கும்.

மேலைநாடுகளில் பலர் மணமுறிவு கேட்பது, சேர்ந்து வாழ மனமில்லாமற் போனதனால். வன்னியின் காயம் வேறு. இங்கே பல பெண்கள் பிரிவைக் கேட்டவர்கள் அல்லர், பிரிக்கப்பட்டவர்கள். கையில் கைக்குழந்தையோடு நின்றபோது கணவரைப் பறிகொடுத்தவர்கள். ஆகவே மேல்நாட்டுக் கேள்விக்கு எழுதப்பட்ட விடையை அப்படியே இவர்கள் முன் நீட்டுவது நீதியாகாது.

2. எண்ணிக்கையின் பின்னால் இருக்கும் வீடுகள்

2008ஆம் ஆண்டின் இறுதியிலும் 2009 இன் முதல் ஐந்து மாதங்களிலும் வன்னி மக்கள் கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று இடம்பெயர்ந்தார்கள். மன்னார் ஆயராயிருந்த மறைந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2011 தையில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு முன் ஒரு கணக்கை வைத்தார். 2008 ஐப்பசியில் கச்சேரிப் பதிவுகளின்படி வன்னியில் இருந்தோர் 4,29,059 பேர்; பின்னர் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்துசேர்ந்தோர் 2,82,380 பேர்; மிகுதி 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்று அவர் கேட்டார்.

திருச்சபையும் இந்த வேதனைக்கு வெளியே நிற்கவில்லை. யாழ் மறைமாவட்டக் குருவான பிரான்சிஸ் யோசேப்பு அடிகளார், 2009 மே 18 இல் சரணடைந்தவர்களோடு சென்ற பின் காணாமற்போனார். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 இல் உறவினர்கள் தொடங்கிய வீதியோரப் போராட்டம், அதைத் தொடர்ந்து வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் எழுந்தவை, இவை யாவும் ஒரே கேள்வியைக் கேட்டன: “எங்கள் பிள்ளைகள் எங்கே? எங்கள் கணவன்மார் எங்கே?”

3. திருமணப் பந்தம் பற்றித் திருச்சபை படிப்பிப்பது

மணமுறிவு முறையா என்று பரிசேயர் கேட்டபோது, ஆண்டவர் மோசேயின் அனுமதியோடு நின்றுவிடாமல், படைப்பின் தொடக்கத்துக்கே அவர்களை அழைத்துச் சென்றார் என்று மத்தேயுவும் மாற்குவும் எழுதியுள்ளனர். கடவுள் இணைத்ததை மனிதர் பிரிக்கும் அதிகாரம் இல்லை என்பதே அவர் படிப்பினை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 இல் திருமணத்தை வெறும் ஒப்பந்தமாகக் கூறாமல், வாழ்வையும் அன்பையும் பகிரும் உடன்படிக்கையாக விளக்கியது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பும், ஒருமையும் முறிவுபடாமையும் திருமணத்தின் இன்றியமையாத பண்புகள் என்கிறது.

ஆயினும் இந்தப் பந்தத்துக்கு ஓர் எல்லை உண்டு. அது மரணம். கணவன் உயிரோடிருக்கும் வரையே மனைவி கட்டுண்டவள்; அவன் இறந்தபின் அவள் ஆண்டவரில் மறுமணம் செய்யச் சுயாதீனம் உள்ளவள் என்று புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதினார். கைம்பெண்ணின் மறுமணம் திருச்சபையில் ஒருபோதும் பாவமன்று. அதை இழிவாகப் பார்ப்பது நம் ஊர் வழக்கமேயன்றி, வேதத்தின் படிப்பினை அன்று.

நம் சகோதரியின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. அவளுடைய கணவர் இறந்தாரா, இருக்கிறாரா என்பது தெரியாது. தெரியாத ஒன்றின் மேல் எப்படி முடிவெடுப்பது?

4. இறந்ததாகக் கொள்ளும் பிரகடனம்

இதற்கென்றே திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1707ஆம் சட்டம் உண்டு. அது சொல்வதை எளிய தமிழில் இப்படித் தரலாம்.

முதலாவது: துணைவரின் மரணத்தைத் திருச்சபைப் பத்திரத்தாலோ அரசாங்கப் பத்திரத்தாலோ எண்பிக்க முடியாதபோது, மறைமாவட்ட ஆயர் அவர் இறந்ததாகக் கொள்ளும் பிரகடனத்தை வழங்கும் வரை, எஞ்சியவர் திருமணப் பந்தத்திலிருந்து விடுபட்டவராகக் கருதப்படமாட்டார்.

இரண்டாவது: தக்க விசாரணை நடத்தி, சாட்சிகளின் வாக்குமூலம், ஊரறிந்த செய்தி, மற்ற அறிகுறிகள் ஆகியவற்றைக் கொண்டு அவர் இறந்தார் என்ற மனச்சான்றின் உறுதி ஏற்பட்டால் மட்டுமே ஆயர் அதை வழங்கலாம். எவ்வளவு நீண்ட காலமானாலும், வெறுமனே காணவில்லை என்பது போதாது.

மூன்றாவது: சந்தேகமும் சிக்கலும் நிறைந்த காரியங்களில் ஆயர் உரோமாபுரியின் ஆலோசனையை நாடவேண்டும்.

“எவ்வளவு காலமானாலும் போதாது” என்பது கடுமையாகத் தோன்றலாம். அதன் கருத்தைச் சிந்தியுங்கள். காலம் ஒருவரைக் கொல்வதில்லை. சிறையிலோ வேறு நாட்டிலோ ஒருவர் உயிரோடிருக்கலாம்; அவருடைய திருமணத்தைக் கலண்டர் பார்த்து அழித்துவிடத் திருச்சபைக்கு உரிமையில்லை. அதேவேளை, முழு அத்தாட்சி கிடைக்கும் வரை பெண் காத்திருக்கட்டும் என்றும் சட்டம் சொல்லவில்லை. நியாயமான மனிதர் ஒருவருடைய மனச்சான்று உறுதிகொள்ளும் அளவே கேட்கப்படுகிறது.

எனவே ஒவ்வொருவருடைய கதையும் தனித்தனியாகக் கேட்கப்பட வேண்டும். மாத்தளனில் பதுங்குகுழியின் மேல் செல் விழுந்தபோது உள்ளே இருந்தவர் ஒருவர். உடலை எடுக்க முடியாமல் குடும்பம் ஓடியது. அயலவர் இருவர் கண்டிருக்கிறார்கள். இங்கே உறுதி எளிதில் பிறக்கலாம். படுகாயத்தோடு புதுமாத்தளனிலிருந்து செஞ்சிலுவைச் சங்கக் கப்பலில் திருகோணமலைப் பக்கம் அனுப்பப்பட்டவர் இன்னொருவர். இங்கே வைத்தியசாலைப் பதிவுகளைத் தேடவேண்டும். வட்டுவாகல் பாலத்தருகே உயிரோடு கையளிக்கப்பட்டவர் வேறொருவர். மனைவியே கண்ணாற் கண்டாள். இங்கே மரணத்தின் அறிகுறி இல்லை. ஆயர் மிகக் கவனமாகவே நடப்பார். மூவரும் “காணாமற்போனோர்” என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கினாலும், மூன்று காரியங்களும் ஒன்றல்ல.

விண்ணப்பிக்க விரும்பும் சகோதரி முதலில் தன் பங்குத்தந்தையிடம் செல்லட்டும். திருமணப் பதிவின் பிரதி, கணவரைக் கடைசியாகக் கண்ட இடமும் திகதியும், கண்டவர்களின் பெயர்கள், ஆணைக்குழுக்களிலும் செஞ்சிலுவைச் சங்கத்திலும் பதிந்த துண்டுகள், அவருடைய தாய் சகோதரர்களுக்கும் இன்றுவரை எந்தச் செய்தியும் வரவில்லை என்ற வாக்குமூலம், இவற்றைச் சேர்த்துக் கொண்டுபோவது நலம். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பங்குகளிலிருந்து காரியம் யாழ் ஆயரிடமும், வவுனியாப் பங்குகளிலிருந்து மன்னார் ஆயரிடமும் செல்லும்.

பிரகடனம் கிடைத்து மறுமணமும் நடந்தபின் முதற் கணவர் உயிரோடு வந்தால் என்ன? முதற் பந்தமே நிலைக்கும். இரண்டாவது திருமணம் செல்லாததாகும். ஆனால் அது நல்லெண்ணத்துடன் நடந்ததால் அதிற் பிறந்த பிள்ளைகள் முறையான பிள்ளைகளே. அந்தப் பெண்ணின் மேல் குற்றமும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இந்தப் பிரகடனத்தைக் கேட்கும்படி யாரும் ஒரு மனைவியை வற்புறுத்தலாகாது. காத்திருப்பவளின் காத்திருப்பும் மதிப்புக்குரியது. கேட்பவளோ தன் கணவரைக் காட்டிக்கொடுத்தவள் அல்லள். ஆயரின் பிரகடனம் அவளுடைய மணநிலையைப் பற்றியது மட்டுமே. அவருக்கு நடந்தது என்ன என்று உண்மையையும் நீதியையும் கேட்கும் உரிமை அதனால் மூடப்படுவதில்லை.

5. அரசாங்கச் சான்றிதழ்கள்

2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மரணப் பதிவுத் தற்காலிக ஏற்பாடுகள் சட்டம், யுத்தத்தினாலோ இயற்கை அனர்த்தத்தினாலோ காணாமற்போய் ஓராண்டுக்கு மேல் செய்தியற்றவர்களுக்கு மரணச் சான்றிதழ் பெற வழிசெய்தது. வங்கிப் பணம், காணி உறுதி, கொடுப்பனவு என்று அலைந்த பல பெண்கள் மனம் ஒப்பாமலே அதைப் பெற்றார்கள். “சாகடித்துவிட்டு வா, காசு தருகிறோம் என்ற மாதிரி இருக்கு” என்பதே அவர்கள் மனக்குறை. 2016 இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, ஒருவர் இறந்தார் என்று சொல்லாமலே “காணக் கிடைக்கவில்லை” என்று சான்றிதழ் வழங்கும் முறை வந்தது. காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தை அமைக்கும் சட்டமும் அதே ஆண்டில் நிறைவேறியது.

இந்தச் சான்றிதழ்களைப் பெறுவது பாவமா? இல்லை. பிள்ளைகளின் உரிமையைக் காப்பது தாயின் கடமை. ஆனால் ஒன்றை அறிந்துகொள்ளுங்கள். “காணக் கிடைக்கவில்லை” என்னும் சான்றிதழ் மறுமணத்துக்கு வழிவிடாது. தற்காலிகச் சட்டத்தின்கீழ் பெற்ற மரணச் சான்றிதழும் கண்ணாற் கண்ட மரணத்துக்கு அத்தாட்சி அன்று. காணாமற்போன காலத்தை வைத்து வழங்கப்பட்டது. ஆகவே அதை மட்டும் காட்டிக் கோவிலில் திருமணம் வைக்கக் கேட்காமல், அதையும் ஒரு சான்றாக ஆயரிடம் சமர்ப்பிக்க வேண்டும்.

தேசவழமைக்கு உட்பட்டவர்களுக்கு இன்னொரு தடை உண்டு. 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி, மணமான பெண் தன் சீதனக் காணியைக்கூடக் கணவரின் எழுத்துமூலச் சம்மதமின்றிக் கைமாற்ற முடியாது. கணவர் இருக்குமிடம் தெரியாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தை நாடி அனுமதி பெற அதே சட்டம் இடமளிக்கிறது. இதற்காக மணமுறிவு வழக்குப் போடவேண்டியதில்லை.

“கைவிட்டுப் போனார் என்று வழக்குப் போட்டால் சுகமாக முடியும்” என்று யோசனை சொல்பவர்களும் உண்டு. சற்று நில்லுங்கள். பிடித்துச் செல்லப்பட்டவரை, அல்லது செல்லடியில் மாண்டவரை, “தீய நோக்கத்துடன் கைவிட்டவர்” என்று சத்தியக் கடதாசியில் எழுதுவது உண்மையா? நாளை பிள்ளைகள் அந்தப் பத்திரத்தை எடுத்து வாசிப்பார்கள். பொய்ச் சத்தியத்தின் மேல் ஒரு புதிய குடும்பத்தைக் கட்டுவது நல்ல அத்திவாரம் அன்று. அத்துடன், நீதிமன்றத்தின் மணமுறிவு அருட்சாதனப் பந்தத்தை அவிழ்ப்பதும் இல்லை.

6. பயத்தில் நடந்த கலியாணங்கள்

யுத்தத்தின் கடைசி ஆண்டுகளில், கட்டாய ஆட்சேர்ப்புக்கு அஞ்சிப் பெற்றோர் தம் பிள்ளைகளை அவசரமாக மணம் முடித்து வைத்தார்கள். பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் பலர். எழுத்தும் இல்லை, பூசையும் இல்லை. யுத்தம் முடிந்தபின் அந்தத் தம்பதிகளுட் சிலர் நன்றாக வாழ்கிறார்கள், சிலர் பிரிந்துவிட்டார்கள்.

திருமணத்தை உண்டாக்குவது இருவரின் சுயாதீனமான சம்மதம். வெளியிலிருந்து வந்த பெரும் பயத்திலிருந்து தப்ப வேறு வழியின்றி ஒருவர் மணம் முடிக்க நேரிட்டால், அந்தப் பயத்தை எவரும் வேண்டுமென்று அதற்காக ஊட்டாதிருந்தாலும், அத்திருமணம் செல்லாது என்கிறது 1103ஆம் சட்டம். ஆனால் பயம் இருந்தது என்பதற்காக எல்லாக் கலியாணமும் பொய் என்று நாமே தீர்ப்பிடலாகாது. பயத்தின் நடுவிலும் மனமொத்து இணைந்தவர்கள் உண்டு. ஆராய்ந்து தீர்ப்பளிப்பது மறைமாவட்டத் திருமண நீதிமன்றத்தின் பொறுப்பு. இது மணமுறிவு அன்று; தொடக்கத்திலேயே பந்தம் உண்டாகவில்லை என்று கண்டறிவது. “காசுள்ளவனுக்குத்தான் கோவில் தீர்ப்புக் கிடைக்கும்” என்ற பேச்சை நம்பவேண்டாம். பாப்பரசர் பிரான்சிஸ் 2015 இல் இந்த விசாரணை முறையை எளிதாக்கினார். இரண்டு ஒத்த தீர்ப்புகள் வேண்டும் என்ற பழைய விதியை நீக்கினார். இயன்றவரை செலவின்றி நடக்கவேண்டும் என்றும் பணித்தார்.

நன்றாக வாழ்ந்துகொண்டிருப்பவர்களோ கலங்கவேண்டாம். பங்குத்தந்தையைச் சந்தித்து, குறையாய் இருப்பதை நிறைவாக்கிக்கொள்ளுங்கள். ஆர்ப்பாட்டமின்றி, பந்தல் இன்றி, இரண்டு சாட்சிகளோடு அது நடந்துவிடும்.

குடித்துவிட்டு அடிக்கும் கணவனோடு எப்படியும் இருந்தே ஆகவேண்டும் என்று திருச்சபை சொல்வதாகவும் சிலர் நினைக்கிறார்கள். அதுவும் தவறு. உயிருக்கோ ஆன்மாவுக்கோ பிள்ளைகளுக்கோ பெரும் ஆபத்து உண்டானால் பிரிந்து வாழ 1153ஆம் சட்டம் இடமளிக்கிறது. பந்தம் நிலைத்திருக்கும், ஆனால் அடிவாங்கும் கடமை எவருக்கும் இல்லை.

7. ஏற்கெனவே இன்னொருவரோடு வாழ்பவர்கள்

ஆயரின் பிரகடனமின்றி மறு வாழ்வு தொடங்கியவர்களும் நம் நடுவே இருக்கிறார்கள். இவர்கள் திருச்சபையிலிருந்து தள்ளப்பட்டவர்கள் அல்லர் என்பதை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1981 இல் குடும்பம் பற்றிய தம் மடலில் தெளிவாகச் சொன்னார். ஒவ்வொருவரும் அந்நிலைக்கு வந்த வழி வேறு என்பதையும், குருக்கள் அதைப் பகுத்தறிய வேண்டும் என்பதையும் அவர் வற்புறுத்தினார். பாப்பரசர் பிரான்சிஸ் 2016 இல், இவர்களோடு கூடநடந்து, தனித்தனியே ஆய்ந்து வழிநடத்தும்படி ஆயர்களையும் குருக்களையும் கேட்டுக்கொண்டார். ஆகவே வெட்கப்பட்டுக் கோவிலுக்கு வராமல் இருந்துவிடாதீர்கள். பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கேட்கத் தயங்காதீர்கள். உங்களிற் பலருடைய காரியம் ஒரு விண்ணப்பத்தினால் சீராகக்கூடியதாகவும் இருக்கலாம்.

8. நமது கடமை

சட்டம் ஒரு பெண்ணுக்குச் சுயாதீனம் கொடுத்தாலும், சனத்தின் வாய் அதைக் கொடுப்பதில்லை. அவள் நல்ல சீலை உடுத்தால், “புருசன் என்னானானெண்டு தெரியாது, இவளுக்கென்ன சோடிப்பு?” என்கிறார்கள். கறுத்த முகத்தோடு இருந்தால், “மங்கள காரியத்துக்கு இவளை ஏன் கூப்பிட்டனீங்கள்?” என்கிறார்கள். கலியாண வீட்டில் பின்வரிசையும், செத்தவீட்டில் முன்வரிசையும் அவளுக்கென்று ஒதுக்கப்படுகின்றன. ஆண்டவர் நயீன் ஊர்க் கைம்பெண்ணுடைய மகனின் பாடையைத் தொட்டு நிறுத்தினார். நாமோ உயிரோடிருப்பவளைப் பாடையில் வைத்துப் பார்க்கிறோம்.

கணவரின் பெற்றோருக்கும் ஒரு சொல். மகன் வருவான் என்று நீங்கள் காத்திருப்பது நியாயம். மருமகளின் வாழ்வை அந்தக் காத்திருப்புக்கு ஈடாக வைப்பது நியாயமன்று. உங்களுடைய வாக்குமூலம் இல்லாமல் ஆயரின் விசாரணை நிறைவுறுவது கடினம். உண்மையைச் சொல்லுங்கள், அதனால் மகன் மேல் உள்ள அன்பு குறைந்துவிடாது. பேரப்பிள்ளைகளையும் பகைக்காதீர்கள்.

கடைசியாக, அந்தக் கார்த்திகைக் கடதாசிக்கு வருவோம். உயிருள்ளோர், மரித்தோர் எவருக்காகவும் குருவானவர் பூசை ஒப்புக்கொடுக்கலாம் என்கிறது 901ஆம் சட்டம். ஆகவே சகோதரியே, நீங்கள் எந்தப் பட்டியல் என்று தீர்ப்பிட வேண்டியதில்லை. கணவரின் பெயரை எழுதி, “காணாமற்போனவர்” என்று மட்டும் குறித்துக் கொடுங்கள். அவர் இருக்குமிடம் கடவுளுக்குத் தெரியும். பங்குத்தந்தையர்களும் அருட்பணிச் சபைகளும், இறந்தோரின் பட்டியலோடு கலக்காமல், காணாமற்போனோருக்கென்று ஒரு மன்றாட்டைச் சேர்ப்பார்களானால், பல வீடுகளில் நின்றுபோன பேனைகள் மறுபடி எழுதும்.

குடும்பமாகப் பேசிச் சிந்திக்க:

1. கணவர் காணாமற்போன ஒரு சகோதரி நம் அயலில் இருக்கிறாரா? கடைசியாக நாம் எந்த நற்காரியத்துக்கு அவரை அழைத்தோம்?

2. மணமுறிவு, திருமணம் செல்லாது என்ற தீர்ப்பு, இறந்ததாகக் கொள்ளும் பிரகடனம் ஆகிய மூன்றுக்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு எப்படி விளக்குவோம்?

3. 2009 இல் நாம் கண்ணாற் கண்டது எதுவும், இன்னொரு குடும்பத்துக்குச் சாட்சியாக உதவுமா? அதைச் சொல்லாமல் வைத்திருக்கிறோமா?